சின்னப் பெயின்ற் வேலைகளுக்கு மினி ஸ்பிறே கன்: எதை எடுக்கலாம்?

விசுவமடு சைக்கிள்கடை:

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பெயின்ற் வேலை வந்தால் கிளிநொச்சிக்கு அனுப்புவதுதான் வழக்கம். இப்போது பெற்றோல் தாங்கி, மட்காட், சைட் கவர், சைக்கிள் பிரேம், இடைக்கிடை லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிக் கதவு என்று நிறைய வருகிறது. அனுப்பி எடுக்கும் செலவும் நாளும் சனத்துக்குக் கட்டுபடியாகவில்லை. நானே அடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

கடையில் இருப்பது ரயருக்குக் காற்றடிக்க வாங்கிய 1 குதிரைவலு, 25 லீற்றர் கொம்பிறசர். ஹாட்வெயார் கடையில் கேட்டால் கீழே போத்தல் தொங்கும் பெரிய கன்னைக் காட்டி "எல்லா வேலைக்கும் இது போதும்" என்கிறார்கள். இன்னொரு கடையில் 0.5, 0.8, 1.0 என்று இலக்கம் போட்ட சின்னக் கன்கள் இருந்தன. எதை எடுக்க? பெரியதை வாங்கித் திருகைக் குறைத்து அடிக்க ஏலாதா?

பரந்தன் பட்டறை:

தம்பி, கன்னைப் பற்றிக் கதைக்க முதல் கொம்பிறசரைப் பற்றிக் கதைக்க வேண்டும். எந்தக் கன் உங்களுக்குச் சரி என்பதை உங்களுடைய காற்றுத்தான் முடிவு செய்யும்.

1 குதிரைவலு நேரடி மோட்டார் கொம்பிறசரின் பெட்டியில் நிமிடத்துக்கு 120 லீற்றர் என்று போட்டிருந்தால், அது உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவுதான், ஒரு 75 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியில் 8 பார் நிறைந்திருக்கிறது, 3 பார் வரை இறங்க விடுகிறீர்கள் என்றால் கையிருப்பு 25 தர 5, அதாவது 125 லீற்றர்.

இப்போது கன் பக்கம் வாருங்கள். முழு அளவு எச்.வி.எல்.பி. (காற்று கூட, அழுத்தம் குறைவு என்ற வகை) கன் நிமிடத்துக்கு 300 லீற்றருக்கு மேல் குடிக்கும். 350 என்று எடுத்தால் ஒவ்வொரு நிமிடமும் 275 லீற்றர் தட்டுப்பாடு. அரை நிமிடம் போக முதலே அழுத்தம் விழுந்து, பெயின்ற் தூளாக வராமல் துளித் துளியாகத் துப்பும். மினி எச்.வி.எல்.பி. கன் ஒன்று 120 லீற்றர் அளவில் எடுக்கும். தட்டுப்பாடு 45 மட்டுமே. இரண்டரை நிமிடத்துக்குக் கிட்ட விடாமல் அடிக்கலாம். பெற்றோல் தாங்கிக்கு ஒரு கோட் அடிக்க அவ்வளவு நேரம் போகாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எப்படியும் காய விடத்தானே வேண்டும், அந்த நேரத்தில் கொம்பிறசர் தாங்கி நிரம்பிவிடும், மோட்டாரும் ஆறும்.

பெரிய கன்னின் திருகைக் குறைத்தால் பெயின்ற்தான் குறையும், விசிறி, அதாவது பெயின்ற் விரிந்து விழும் அகலம், சுருங்கும். கன் முனையில் காற்று வரும் மூடியின் துளைகள் அதே துளைகள்தான். காற்றுச் செலவு பெரிதாகக் குறையாது. அதனால் உங்களுக்கு மினிதான், மேல் கோப்பை உள்ளது, பெயின்ற் வரும் வாய் 0.8 அல்லது 1.0 மி.மீ. காற்று எவ்வளவு எடுக்கும் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சில மினி கன்கள் 200 லீற்றரும் எடுக்கும்.

நெடுங்கேணி மின்வேலை:

கொம்பிறசரே இல்லாத கரண்ட் கன் இருக்கிறதே? உள்ளேயே ஊதி இருக்கும், பிளக்கைச் செருகினால் சரி. வீட்டுக் கேற் முழுவதும் அதில்தான் அடித்தேன், வடிவாக வந்தது.

பரந்தன் பட்டறை:

கேற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. கிறில், கேற், வேலித்தூண், இரும்பு அலுமாரி எல்லாவற்றுக்கும் எனாமல் அடிக்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் 1.5 தொடக்கம் 2.6 மி.மீ. வரையான வாய்தான் வருகிறது. தூள் பருமன், பெயின்ற் நிறைய விழும். பெற்றோல் தாங்கியின் வளைவில் வழிந்துவிடும். கையில் பாரமும் கூட. சைக்கிள் பிரேம் குழாய்க்கு அகல விசிறி விட்டால் பெயின்றில் பாதிக்கு மேல் காற்றோடு போகும். தம்பி கேட்கும் வேலைக்கு அது பொருந்தாது.

விசுவமடு சைக்கிள்கடை:

கணக்கு வடிவாக விளங்கியது அண்ணை, நன்றி. 0.8ஆ 1.0ஆ என்பதுதான் இப்போது கேள்வி. 0.5 விலை குறைவாக இருந்தது.

ஒட்டுசுட்டான் தச்சன்:

நான் மரவேலைக்காரன், கதவு நிலை, கதிரை, சின்ன அலுமாரிகளுக்கு மினிதான் பாவிக்கிறேன். 0.5 வேண்டாம். அது பெயர் எழுத, கோடு இழுக்க, கீறல் மறைக்க. அதால் ஒரு மட்காட் அடித்தால் முதல் அடித்த பக்கம் காய்ந்த பிறகுதான் மற்றப் பக்கம் ஈரமாக இருக்கும். மேற்பரப்பு கரகரப்பாக வரும்.

0.8 மெல்லிய நிறக் கோட்டுக்கு அருமை. 1.0 அதையும் செய்யும், கிளியரையும் (மேலே அடிக்கும் நிறமில்லாத கோட்) என்.சி. (நைற்றோசெலுலோஸ்) லக்கரையும் செய்யும். எனாமல் அடிக்க வேண்டுமென்றால் 1.2 நல்லது, 1.0இல் அடிப்பதென்றால் நன்றாக இளக்க வேண்டும். பிறைமருக்கு, அதாவது அடிக் கோட்டுக்கு, 1.6க்கு மேல் கேட்கும், அதை மினியில் முயலாதீர்கள். சின்னச் சாமானுக்குப் பிறைமரைத் தூரிகையால் பூசி, காய்ந்ததும் வோட்டர் பேப்பரால் தேய்த்து மட்டமாக்கலாம். ஒரே ஒரு கன் வாங்க மட்டும் காசு இருந்தால் 1.0 எடுங்கள்.

கடையில் நின்றே ஊசியைக் கழற்றிப் பாருங்கள். ஊசியும் வாயும் ஒரே அளவுச் சோடியாக இருக்க வேண்டும். ஊசியை மெல்ல உள்ளே விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் ஒட்டுகிறதா என்று தெரியும். ஒட்டினால் விசிறி ஒரு பக்கம் கனமாகத்தான் விழும், எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மூடியின் துளைகளில் பிசிறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வற்றாப்பளை வாகனவேலை:

கோவில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் குடும்பம் எங்களுடையது. பொன்னிறம் அடிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பொன் தூள், வெள்ளித் தூள் கலந்த பெயின்ற் 0.5இல் அடைக்கும், 0.8இலும் தூள் பருமனாக இருந்தால் அடைக்கும். 1.0 போட்டால் நிம்மதி. வடிகட்டாமல் ஒரு துளியும் கோப்பைக்குள் விட வேண்டாம். காகித வடி இல்லாவிட்டால் நைலோன் காலுறைத் துணியில் இரண்டு மடிப்புப் போட்டு வடிக்கலாம். தூள் பாரம், அடியில் போய்ப் படுக்கும். அடிக்கும்போது நடுநடுவே கன்னை மெல்லக் குலுக்காவிட்டால் யானை வாகனத்தின் ஒரு காது பொன்னாகவும் மற்றது வெளிறியும் நிற்கும்.

மயிலின் தோகை, சிங்கத்தின் பிடரி மாதிரி இடங்களில் மினியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பெரிய கன்னின் காற்றே செதுக்கலின் குழிக்குள் இருந்து பெயின்றைத் திருப்பி வெளியே தள்ளிவிடும்.

விசுவமடு சைக்கிள்கடை:

ஐயா, வைகாசிப் பொங்கலுக்கு முதல் வேலை முடிக்கும்போது காற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இங்கே சோளகக் காற்று தொடங்கினால் கடைக்குள் முழுக்கப் புழுதி.

வற்றாப்பளை வாகனவேலை:

விடிய வேலை செய்கிறோம் தம்பி. காற்று எழும்ப முதல், பனி ஈரம் போன பிறகு ஒரு நல்ல நேரம் இருக்கிறது. தறப்பாளால் மூன்று பக்கமும் அடைத்த கொட்டில், காற்று வரும் பக்கம் அடைப்பு, எதிர்ப்பக்கம் திறப்பு. நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் தொடங்குவோம். நாலு பக்கமும் மூடக் கூடாது, தின்னர் மணம் தலையைச் சுற்றவைக்கும், நெருப்பும் பிடிக்கும்.

நண்பகலில் அடிக்காதீர்கள். அந்த வெயிலில் தகரம் கை வைக்க ஏலாத சூடு. பெயின்ற் சாமானில் போய் விழ முதலே பாதி காய்ந்து மணலாக ஒட்டும்.

மல்லாவி மரக்கடை:

மாரியில் அதற்கு நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் லக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் கெதியாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதால்தான் அது வருகிறது. மெதுவாகக் காயும் தின்னர், ரிற்றாடர் என்று கேட்டால் தருவார்கள், கொஞ்சம் கலந்தால் குறையும். மழை இறங்கும் நாளில் அதுவும் உதவாது, அடிக்காமல் விடுவதுதான் நல்லது.

தம்பிக்கு இன்னொரு கேள்வி. பெற்றோல் தாங்கிக்கு மேலே என்ன கிளியர் அடிக்கப் போகிறீர்கள்?

விசுவமடு சைக்கிள்கடை:

என்.சி. பெயின்ற் அடித்து என்.சி. கிளியர் போடலாம் என்று நினைத்தேன் அக்கா. காய்வதும் கெதி, விலையும் குறைவு.

மல்லாவி மரக்கடை:

பெற்றோல் நிரப்பும்போது ஒரு சொட்டுச் சிந்தினாலே என்.சி. இளகிவிடும், மூடியைச் சுற்றி வளையமாக உரியும். சாதாரண ஸ்பிறே ரின் பெயின்றும் அப்படித்தான். பெற்றோலுக்கு ஈடுகொடுப்பது ஹாட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்த ரூ-கே, அதாவது இரண்டு பாகக் கிளியர். அதைத்தான் போட வேண்டும், ஆனால் அதில் ஆபத்தும் இருக்கிறது. ஹாட்னரில் ஐசோசயனேற் என்ற பொருள் உண்டு. தூளாகி மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சின்ன அளவே மூச்சை முட்டவைக்கும். அதற்கு மணம் பெரிதாக இல்லாததால் மூக்கு எச்சரிக்காது. மருந்துக்கடை மாஸ்க், முகத்தில் கட்டும் சாரத்துணி எதுவும் தடுக்காது.

பரந்தன் பட்டறை:

அக்கா சொல்வது முழு உண்மை. தம்பி, காற்றுக்குழாய் பூட்டிய முகமூடிதான் அதற்கு முறையானது, சுத்தமான காற்று வேறாக வர வேண்டும். சின்னக் கடைக்கு அது பெரிய செலவு. காபன் வடி, தூசி வடி இரண்டும் உள்ள இரட்டைச் சில்லு மாஸ்க்கை, முகத்தில் இறுகப் பொருந்தும்படி, தாடி இல்லாமல், திறந்த வெளியில் போட்டு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சில்லைக் காலத்துக்கு மாற்ற வேண்டும், மற்ற நேரம் காற்றுப்புகாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும், வெளியே கிடந்தாலே காபன் முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்யுங்கள். சைக்கிள் பிரேம், மட்காட், பெட்டிக் கதவு எல்லாம் நீங்களே அடியுங்கள். பெற்றோல் தாங்கிக்கு நிறம் வரை அடித்து, கிளியருக்கு மட்டும் வசதியுள்ள கடைக்குக் கொடுங்கள். ஆனால் அங்கே முதலே கேட்டு, அவர்களுடைய கிளியருக்குப் பொருந்தும் பேஸ் கோட்டைத்தான் (கிளியருக்குக் கீழே வரும் நிறக் கோட்) அடியுங்கள். எந்தப் பெயின்றுக்கு மேலேயும் எந்தக் கிளியரும் போடலாம் என்று இல்லை, சில கீழே இருப்பதைச் சுருட்டி எடுக்கும்.

முல்லைக் கரை:

தாங்கிக்காரனின் காசில் பாதியைக் கொடுத்துவிடுவதா? வெளியில் நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டி அடித்தால் போதாதா? கரையில் படகு வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

மல்லாவி மரக்கடை:

போதாது அண்ணை. காற்றுக்கு முதுகு காட்டினால் உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் வரும், தூள் முகத்துக்குத்தான் திரும்பும். காற்று பக்கவாட்டில் போகும்படி நிற்க வேண்டும். அப்படி நின்றாலும் மாஸ்க் வேண்டும். கடையில் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள், அவர்களையும் நினைக்க வேண்டும்.

முல்லைக் கரை:

சரி தங்கச்சி, சுழல் விடயம் யோசிக்கவேண்டியதுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் சொல்கிறேன்.

கரையில் வேலை செய்வதால் எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். கடற்காற்றுப் படும் சாமானை நன்னீரால் கழுவி, காயவைத்து, பிறகுதான் தேய்க்க வேண்டும். உப்பின் மேல் பெயின்ற் அடித்தால் கொஞ்சக் காலத்தில் கொப்புளம் வரும்.

முழங்காவில் புதியவன்:

மினி கன் ஒன்று ஏற்கனவே வைத்திருக்கிறேன். அடித்தால் பெயின்றில் சின்னச் சின்ன வட்டக் குழிகள். கன் பழுதா?

பரந்தன் பட்டறை:

கன் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தக் குழிகளை மீன்கண் என்போம். எண்ணெய்யோ சிலிக்கனோ இருக்கும் இடத்தில் பெயின்ற் விலகிப்போவதால் வருவது. இரண்டு வழியால் வரும். ஒன்று சாமானில் இருந்து: எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று எல்லாத்தாலும் துடைப்பார்கள், பொலிஷ் பூசுவார்கள். தேய்க்க முதலே சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு எண்ணெய் நீக்கும் திரவத்தால் ஒரு துணியில் துடைத்து, உடனே மற்றக் காய்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணி என்றால் எண்ணெய்யைப் பரப்புவதோடு சரி.

இரண்டாவது, கொம்பிறசரில் இருந்து. கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் பெயின்ற் இல்லாமல் வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் அடித்துப் பாருங்கள். ஈரப்பொட்டோ எண்ணெய்ப்பொட்டோ தெரிந்தால் காற்றில்தான் குறை. நாள் முடிய தாங்கியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். எங்கள் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். நீர்வடியைக் கொம்பிறசரோடு ஒட்டிப் பூட்டாதீர்கள். காற்று அங்கே சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே வடியைத் தாண்டிப்போகும். கொஞ்சத் தூரக் குழாய்க்குப் பிறகு, காற்று ஆறிய இடத்தில் பூட்டினால்தான் தண்ணீர் பிடிபடும்.

விசுவமடு சைக்கிள்கடை:

அப்போ கன், நீர்வடி, அழுத்தமானி. குழாய் ரயருக்குக் காற்றடிக்கும் சுருள் குழாய்தான் இருக்கிறது, அது போதுமா?

பரந்தன் பட்டறை:

போதாது. அதன் உள் அகலம் 5 மி.மீ. அளவில்தான் இருக்கும். காற்று ஓடும்போது அழுத்தம் வழியிலேயே விழுந்துவிடும். 8 மி.மீ. உள் அகலமுள்ள நேர்க் குழாய் 10 மீற்றர் எடுங்கள். அழுத்தமானியைக் கன்னின் அடியிலேயே பூட்டி, விசையை இழுத்துக்கொண்டு பாருங்கள். விசையை விட்டிருக்கும்போது காட்டும் இலக்கத்தால் பயன் இல்லை. பெரும்பாலான எச்.வி.எல்.பி. மினிகளுக்கு உள்ளே போகும் காற்று 2 பார் அளவு போதும். மூடியில் வெளியே வருவது 0.7 பாரைத் தாண்டாதபடிதான் அந்த வகைக் கன்னைச் செய்கிறார்கள். அதனால்தான் தூள் திரும்பிப் பறப்பது குறைவு, பெயின்றில் 65 சதவீதத்துக்கு மேல் சாமானில் ஒட்டுகிறது. 4 பார் கொடுத்தால் அந்த நன்மை முழுக்கப் போய்விடும்.

நெடுங்கேணி மின்வேலை:

மின் பக்கத்தையும் பாருங்கள். லைன் முடியும் இடத்துக் கடைகளில் பின்னேரம் 230 வோல்ற் வராது. கொம்பிறசர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள், மோட்டார் எரியும். மெல்லிய நீட்டு வயரில் கொம்பிறசரைக் கொட்டில் வரை கொண்டுபோக வேண்டாம். கொம்பிறசரைச் சுவர்ப் பிளக்குக்குக் கிட்ட வைத்துவிட்டுக் காற்றுக் குழாயை நீட்டுங்கள். வயர் நீட்டியே தீர வேண்டும் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர். குழாயை நீட்டினால் இன்னொரு நன்மை: மோட்டாரின் தீப்பொறி தின்னர் ஆவிக்கு எட்டாது.

மாங்குளம் மோகன்ரயர்:

எங்கே வாங்குவது? கிளிநொச்சியில் விலை கூடச் சொல்கிறார்கள். கொழும்பில் பழைய சோனகத் தெருவில் மலிவு என்கிறார்களே?

ஒட்டுசுட்டான் தச்சன்:

மலிவுதான், தெரிவும் கூட. ஆனால் கன்னோடு ஊசி, வாய், மூடி மூன்றும் ஒரு செற் மேலதிகமாகவும், பக்கிங் வளையங்களும் சேர்த்து வாங்கி வாருங்கள். பிறகு ஒரு வளையத்துக்காகக் கொழும்புக்குப் போக ஏலாது. அது கிடைக்காத பெயர் தெரியாத கன் என்றால், கொஞ்சம் விலை கூடினாலும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உதிரி வைத்திருக்கும் கடையில் எடுப்பதுதான் லாபம். அனெஸ்ற் இவாட்டா, டெவில்பிஸ், சாற்றா எல்லாம் மினி செய்கிறார்கள், அருமையான சாமான், ஆனால் சைக்கிள் பிரேமுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அந்தப் பெயர்களில் போலியும் உலாவுகிறது. விலை நம்ப முடியாத அளவு குறைவென்றால் விலகுங்கள்.

முழங்காவில் புதியவன்:

கண்ணாடியில் அடித்துப் பார்த்தேன் அண்ணை, தண்ணீர்ப்பொட்டு வருகிறது. வடியைக் கொம்பிறசரில்தான் பூட்டியிருந்தேன். மாற்றிப் பூட்டுகிறேன்.

விசுவமடு சைக்கிள்கடை:

1.0 மினி, மேல் கோப்பை, உதிரிச் செற்றோடு எடுக்கிறேன். 8 மி.மீ. குழாயும் வடியும் சேர்த்து. தாங்கிக்குக் கிளியர் வெளியில். கடைசியாக ஒன்று: எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, பிறகு எப்படிக் கழுவுவது?

ஒட்டுசுட்டான் தச்சன்:

மினிக்கு 10 தொடக்கம் 15 செ.மீ. தூரம். பெரிய கன் பிடித்துப் பழகியவர்கள் தள்ளிப் பிடிப்பார்கள், அப்போதுதான் கரகரப்பு வரும். கையை வளைக்காமல் உடம்போடு நகருங்கள், சாமானுக்கு வெளியே விசையை இழுத்து வெளியேதான் விட வேண்டும். ஒவ்வொரு இழுவையும் முன் இழுவையின் பாதியையாவது மூட வேண்டும். முதலில் பழைய தகரத்தில் அடித்து விசிறியைப் பாருங்கள்.

கழுவுவது வேலை முடிந்த உடனே, தேநீர் குடிக்கப் போக முதல். மிச்சத்தை ஊற்றிவிட்டு, தின்னர் கொஞ்சம் விட்டு ஒரு டப்பாவுக்குள் அடித்து, திரும்பத் தெளிவாக வரும்வரை செய்யுங்கள். பிறகு மூடியையும் வாயையும் கழற்றி மென்மையான தூரிகையால் கழுவுங்கள். துளை அடைத்தால் சீவிய மெல்லிய ஈர்க்கு, ஒருபோதும் கம்பி வேண்டாம். முழுக் கன்னையும் தின்னருக்குள் ஊறப் போடாதீர்கள், பக்கிங் ஊதிவிடும். பூட்டும்போது ஊசியை இழுத்துக்கொண்டு வாயைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஊசி முனை கெடும்.

மல்லாவி மரக்கடை:

கழுவிய தின்னரைக் கிணற்றடிப் பக்கம் ஊற்ற வேண்டாம் தம்பி. மூடியுள்ள ரின்னில் விட்டு வையுங்கள். பெயின்ற் அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை எடுத்து அடுத்த தடவை முதல் கழுவலுக்குப் பாவிக்கலாம்.